பதினோரு பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எல்லோரும் கேட்கிறோம். படிப்பவர்கள் யார் என்று கேட்டால்தான் அந்தப் பள்ளிகள் ஏன் வேண்டும் என்பது விளங்கும்.

மே மாதக் கடைசியில் கிராமத்துத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்கள் கையில் துண்டறிக்கையோடு தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. அங்கன்வாடியில் பட்டியல் வாங்கியிருப்பார்கள். பட்டியலில் நாலு பெயர் இருந்தால் இரண்டு பேர் ஏற்கெனவே தனியார் பள்ளி வேனில் போய்வருகிறவர்களாக இருப்பார்கள். மூன்றாவது வீட்டில் “அவங்க அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றோம் சார்” என்பார்கள். நாலாவது வீட்டில் யாரும் பேச்சை இழுக்க மாட்டார்கள். “அனுப்பிடறோம் சார்” என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். அந்த வீட்டுக்கு வேறு பள்ளி கிடையாது.

அந்த நாலாவது வீட்டைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 24,000 அரசுத் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. 2025-26 கல்வியாண்டில் ஒரு பிள்ளைகூடச் சேராததால் 200-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் செயல்படாமல் போயின. செய்தி வெளிவந்ததும் சட்டென்று பரபரப்பானது. குழந்தைப் பிறப்பு குறைந்தது, வேலை தேடிக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தது, தனியார் பள்ளி மோகம் என்று கல்வித் துறை காரணங்களை அடுக்கியது. அவை பொய்யில்லை. நாடு முழுக்கவும் இதே நிலைதான். பள்ளிகளைப் பற்றிய 2024-25 யூடைஸ் பிளஸ் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 7,993 பள்ளிகளில் ஒரு மாணவர்கூட இல்லை. 1,04,125 பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர்தான் இருக்கிறார். அந்த ஓராசிரியர் பள்ளிகளை நம்பி 33 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பூஜ்யத்தைத் தொட்ட பள்ளிகள் செய்தியாகிவிட்டன. அதற்கு முந்தைய படியில், எட்டு, பதினொன்று, பதினான்கு என்று ஒற்றை, இரட்டை இலக்கத்தின் எல்லையில் நிற்கும் பள்ளிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. பேச வேண்டியது அவற்றைத்தான். அங்கே இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சேர்க்கைப் பதிவேடு சொல்லும் கதை

எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் அலமாரிக்குள் சேர்க்கை-நீக்கப் பதிவேடு ஒன்று இருக்கும். சேர்க்கை எண், பெயர், பெற்றோர் பெயர், தொழில், பிறந்த தேதி, சாதி, தாய்மொழி, சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கியதற்கான காரணம் என்று கட்டங்கள் நீளும். சேர்க்கை எண் தொடர் எண். ஆண்டு மாறினாலும் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்காது. ஐம்பது அறுபது ஆண்டுப் பள்ளி என்றால், இந்த ஜூனில் சேர்ந்த பிள்ளையின் எண் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். அந்த ஊரில் எத்தனை பேருக்கு அந்தப் பள்ளி எழுத்தறிவித்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஒரு மாதிரிப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். இந்த ஊரில்தான் என்று சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் எந்த வட்டாரக் கல்வி அலுவலரைக் கேட்டாலும் தன் ஒன்றியத்தில் இப்படி ஒன்றிரண்டு உண்டு என்பார். மொத்தம் பதினோரு பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பில் இருவர். இரண்டாம் வகுப்பில் யாருமே இல்லை, அந்த வயதில் ஊரில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் வேனில் போகிறவர்கள். மூன்றில் நால்வர், நான்கில் இருவர், ஐந்தில் மூவர். அடுத்த ஏப்ரலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூவரும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நடுநிலைப் பள்ளிக்கோ உயர்நிலைப் பள்ளிக்கோ போய்விடுவார்கள். ஜூனில் புதிதாக மூன்று பேர் வந்தால்தான் பதினொன்று பதினொன்றாக நிற்கும். இல்லையென்றால் எட்டு.

பதினோரு பிள்ளைகள் என்றால் பதினோரு வீடு என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்தாறு வீடுகளாகத்தான் இருக்கும். அக்கா ஐந்தாம் வகுப்பு, தம்பி மூன்றாம் வகுப்பு, சித்தி மகள் ஒன்றாம் வகுப்பு. திருப்பூருக்கோ கேரளத்துக்கோ ஒரு குடும்பம் வேலைக்குக் கிளம்பினால் ஒரே நாளில் மூன்று பெயர் நீக்கப் பதிவேட்டுக்குப் போகும். முந்நூறு பேர் படிக்கும் பள்ளியில் யாரும் கவனிக்காத இழப்பு, இங்கே பள்ளியின் கால்வாசி.

பெற்றோரின் தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்ற சொல்லே மேலிருந்து கீழாக வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாக ‘விவசாயம்’, ‘ஓட்டுநர்’. காப்பாளர் என்ற இடத்தில் அம்மாவும் அப்பாவும் இல்லாமல் பாட்டியின் பெயர் இருக்கும் பிள்ளைகள் உண்டு. பெற்றோர் வெளியூர் மில்லிலோ கட்டட வேலையிலோ இருப்பார்கள். கணவனை இழந்த, கைவிடப்பட்ட பெண்களின் பிள்ளைகள் இருப்பார்கள். தனியார் பள்ளி சேர்த்துக்கொள்ளாத மாற்றுத்திறன் பிள்ளை ஒன்று இருக்கும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வந்து பார்த்துவிட்டுப் போவார். பையனைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பெண்ணை இங்கே சேர்த்த வீடும் இருக்கும். நாடு முழுவதும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளே கூடுதல் விகிதத்தில் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள் என்பதைக் கல்வி நிலை குறித்த ஏசர் ஆய்வறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒரே வீட்டில் இரண்டு விதமான கல்வி நடக்கிறது.

அதிகாரிகளின் மேசைக்குப் பதினொன்று என்ற எண் மட்டும்தான் போய்ச்சேர்கிறது. கூலி வேலை, பாட்டி வளர்ப்பு, பெண் பிள்ளை, மாற்றுத்திறன், பட்டியல் சாதி, பழங்குடி என்று ஊரில் எந்த வகையில் பின்தங்கியிருந்தாலும் அந்தப் பிள்ளைகள் வந்து சேரும் இடமாகச் சின்னப் பள்ளி ஆகிவிட்டிருக்கிறது. எண்ணிக்கை குறையக் குறைய, இருப்பவர்களில் வழியற்றவர்களின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. சின்னப் பள்ளியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் உண்மை இது.

உசிலம்பட்டியில் நடந்தது

2023 செப்டம்பரில் இப்படி ஒரு சின்னப் பள்ளி தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம், எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி. அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள் பதினோரு பேர். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. சமைக்க வந்த பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதால் பிள்ளைகள் சாப்பிட அனுமதிக்கப்படவில்லை என்று செய்தி வெளியானது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் மாவட்ட ஆட்சியரும் அந்தப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

1956-ல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்ததும் இதே எட்டயபுரத்தில்தான். பசியால் பள்ளிக்கு வராத பிள்ளையைப் பள்ளிக்கு வரவைக்கத் தொடங்கிய திட்டம் அது. அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, சில மைல் தள்ளி இருக்கும் ஊரில், தட்டில் போட்ட சோற்றுக்கும் பிள்ளையின் வாய்க்கும் நடுவே சாதி வந்து நின்றது.

சின்னப் பள்ளிகள் சிறுத்ததில் சாதிக்கும் பங்குண்டு. காலனிப் பிள்ளைகள் அதிகமாகச் சேர்ந்த பள்ளியிலிருந்து ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக விலகுவது பல ஊர்களில் நடக்கிறது. ‘இங்கிலீஷ் மீடியம்’ என்பது வெளியில் சொல்லும் காரணம். நாலு பேர் முன்னால் சொல்லாத காரணம் வேறு. இதற்கு நேர்மாறாக, ஆதிக்க சாதித் தெருவுக்குள் பள்ளி இருப்பதால் காலனிப் பிள்ளைகள் அடுத்த ஊருக்கு நடப்பதும் உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்று துறை துறையாகப் பள்ளிகள் பிரிந்து கிடக்கும் மாநிலம் நமது. அத்தனையிலும் சேராத சின்ன ஊர்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக்கூடிய ஒரே கூரை ஒன்றியத் தொடக்கப் பள்ளிதான். அந்தக் கூரையிலிருந்து யார் முதலில் விலகினார்கள் என்பதைக் கேட்காமல் எண்ணிக்கைச் சரிவை விளக்க முடியாது.

மூன்று வயதிலேயே போய்விடும் பிள்ளை

சாதி ஒரு காரணம் என்றால், பெற்றோரின் மனத்தை அன்றாடம் ஆட்டிவைக்கும் காரணம் வேன். காலை ஏழரை மணிக்கு மஞ்சள் வேன் ஊருக்குள் வருகிறது. டை கட்டிய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. அந்த வேனில் ஏறும் பிள்ளைக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி.

அரசுத் தொடக்கப் பள்ளியின் கதவு ஐந்து வயதில்தான் திறக்கிறது. அதற்கு முன் இருக்கும் அங்கன்வாடி ஊட்டச்சத்துக்கும் பராமரிப்புக்கும் ஏற்பட்ட இடம். பிள்ளைக்கு ‘ஏ, பி, சி, டி’ வர வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோர் அதைப் பள்ளியாக எண்ணுவதில்லை. தனியார் பள்ளியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. முடித்த பிள்ளையை ஒன்றாம் வகுப்புக்குத் திருப்பி அழைத்துவருவது எந்தத் தலைமையாசிரியராலும் எளிதில் முடிகிற காரியமில்லை. போட்டி தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. எட்டாம் வகுப்பு வரை உள்ள பெரிய வளாகங்களுக்கு அது உதவியது. பதினோரு பேர் படிக்கும், ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள பள்ளிக்கு அது வந்து சேரவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டையும் இங்கே சொல்ல வேண்டும். நலிந்த குடும்பத்துப் பிள்ளைகள் தனியார் பள்ளியில் சேரலாம், கட்டணத்தை அரசு கொடுத்துவிடும். நல்ல நோக்கத்தோடு வந்த ஏற்பாடு. அந்தச் சேர்க்கையும் எல்.கே.ஜி.யிலேயே நடக்கிறது. ஊருக்குள் அரசுப் பள்ளி இருக்கும்போதே, அந்தப் பள்ளிக்கு வந்திருக்கக்கூடிய பிள்ளையை அரசே பணம் கொடுத்து வேறு பள்ளிக்கு அனுப்புகிறது. பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளியில் ஒதுக்கீடு இல்லை என்று கர்நாடகம் 2018 கடைசியில் விதியைத் திருத்தியது. இதில் இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. நல்ல பள்ளி என்று நம்பும் இடத்துக்குத் தன் பிள்ளையை அனுப்ப ஏழைத் தாய்க்கும் உரிமை உண்டு. அதே சமயம் அரசின் பணமே அரசுப் பள்ளியை வெறுமையாக்கும் விந்தையைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது.

குழந்தைப் பிறப்பின் கணக்கு எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது. மக்கள்தொகை குறையாமல் இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறக்க வேண்டும். மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020 அறிக்கையில் தமிழ்நாட்டின் விகிதம் 1.4. ஒரு காலத்தில் ஆண்டுக்கு இருபது பிள்ளை பிறந்த ஊரில் இப்போது நாலைந்து. குடும்பக் கட்டுப்பாட்டிலும் பெண் கல்வியிலும் நாம் பெற்ற வெற்றியின் மறுபக்கம் இது. இதற்காகப் பள்ளியைக் குறை சொல்வது எந்த வகையிலும் நியாயமில்லை. எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினாலும், பிறக்காத பிள்ளையை எந்த ஆசிரியரும் சேர்க்க முடியாது.

சின்ன ஊருக்கும் பள்ளி என்ற முடிவு

இவ்வளவு சின்ன ஊரில் எதற்குப் பள்ளி வந்தது என்று இன்று கேட்கிறார்கள். அது தவறிப்போய் வந்ததில்லை, முடிவெடுத்து வந்தது. 1954 முதல் 1963 வரை காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பிள்ளை நடந்துபோகும் தூரத்தில் தொடக்கப் பள்ளி என்பது குறிக்கோளாக வைக்கப்பட்டது. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு மாவட்டம் மாவட்டமாகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊரார் நிலம் கொடுத்தார்கள், கூரை போட்டுக் கொடுத்தார்கள், பெஞ்சும் மணியும் வாங்கிக் கொடுத்தார்கள். 1958-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பள்ளிகள் ஒன்றியங்களின் பொறுப்பில் வந்தன. ‘யூனியன் பள்ளிக்கூடம்’ என்று கிராமத்தில் இன்றும் வழங்கும் பெயர் அப்படி வந்ததுதான்.

1986-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து கரும்பலகைத் திட்டம் 1987-ல் தொடங்கியது. ஓராசிரியர் பள்ளிகளுக்கு இரண்டாவது ஆசிரியர், குறைந்தது இரண்டு அறைகள் என்பது அதன் அடிப்படை. 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதைச் சட்டமாகவே எழுதிவைத்தது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர். அதன் விதிகள் ஒரு கிலோமீட்டர் நடை தூரத்துக்குள் தொடக்கப் பள்ளி வேண்டும் என்கின்றன. பதினோரு பேர் இருந்தாலும் இரண்டு ஆசிரியர் என்பது சலுகையாகக் கிடைத்ததில்லை. பிள்ளையின் உரிமை அது.

ஓர் அறையில் ஐந்து வகுப்பு

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, ஒவ்வொன்றிலும் நாலைந்து பாடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று வகுத்த பாடத்திட்டத்தை, ஆளுக்கு இரண்டு மூன்று வகுப்பு வைத்துக்கொண்டு நடத்த வேண்டும். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கற்பிக்கும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதே அறையில் ‘அ’ எழுதிக்கொண்டிருப்பார்கள். ஐந்தாம் வகுப்புக்காரர்கள் தாங்களாகவே படிக்க வேண்டும்.

இதைக் குறையாக மட்டுமே பார்க்க வேண்டியதில்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமாவும் கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காகவே அட்டைகளையும் ஏணிப்படிகளையும் கொண்ட ஒரு முறையை உருவாக்கினார்கள். பிள்ளை தன் வேகத்தில் படி ஏறும்; பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும்; ஆசிரியர் தேவைப்பட்டவர் பக்கத்தில் உட்காருவார். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் இந்த முறையை ஒட்டித்தான் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு தமிழ்நாடு முழுவதும் பரவியது. ஒரு சின்னக் கிராமத்துப் பள்ளியின் சிக்கலுக்குக் கண்ட விடை ஒரு மாநிலத்தின் வகுப்பறையையே மாற்றியது.

2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அதே எண்ணத்தின் தொடர்ச்சி இருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் கற்றல் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். சின்னப் பள்ளியில் பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து உட்காருவது இயல்பிலேயே நடக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலையும் ஆசிரியருக்குத் தெரியும். யாருக்கு நேற்று ராத்திரி காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, யாருக்கு எந்த எழுத்து குழம்புகிறது என்று விரல்விட்டுச் சொல்வார். நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் இது எந்த ஆசிரியருக்கும் கைகூடாது.

இந்த வாய்ப்பு வீணாகும் இடமும் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சியில் பல வகுப்புக் கற்பித்தலுக்கு உரிய இடமில்லை. இரண்டு பேரில் ஒருவர் விடுப்பிலோ பயிற்சியிலோ மாற்றுப்பணியிலோ போய்விட்டால் பள்ளி அன்று ஓராசிரியர் பள்ளி. அந்த ஒருவருக்குக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு, உணவுக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம், அலுவலகத்துக்கு அவசரப் புள்ளிவிவரம் என்று வேலை வரிசையில் நிற்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர்த்து வேறு பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. பதிவேடுகளும் செயலிகளும் அந்தத் தடைக்குள் அடங்குவதில்லை. முந்நூறு பேர் பள்ளிக்கும் பதினோரு பேர் பள்ளிக்கும் படிவங்கள் ஒன்றே. நிரப்பும் கைகள்தான் வேறு.

பணத்திலும் இதே நிலை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியம் முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். துடைப்பம், சுண்ணக்கட்டி, சின்னச் சின்னப் பழுது எல்லாம் அதற்குள். கூரை ஒழுகுவதற்கும் குழாய் உடைவதற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை தெரியாது. மிச்சத்தைப் பல ஊர்களில் ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து போடுகிறார்கள். ஆட்டோவுக்குக் கைக்காசு கொடுத்துப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கோவை மாவட்டம் அன்னூர் பக்கத்தில் கோனார்பாளையம் என்ற ஊரில், மூடும் நிலைக்கு வந்த தொடக்கப் பள்ளியைக் காப்பாற்றச் சேரும் பிள்ளைக்குத் தங்கக் காசு தருவதாகவே அறிவித்தார்கள். பள்ளி போய்விடக் கூடாது என்ற தவிப்பு ஓர் ஊரை அந்த அளவுக்குக் கொண்டுபோயிருக்கிறது.

மலையிலும் தோட்டத்திலும்

சமவெளிப் பள்ளியின் பதினொன்றும் மலைப் பள்ளியின் பதினொன்றும் ஒன்றில்லை. சமவெளியில் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போனதால் எண் குறைகிறது. மலையில் வேறு பள்ளியே கிடையாது. குடியிருப்பே சின்னது என்பதால் எண்ணும் சின்னது. நீலகிரியிலும் கல்வராயன் மலையிலும் சத்தியமங்கலம் காட்டுப் பகுதியிலும் பள்ளியை மூடினால், அடுத்த பள்ளிக்குப் போகும் வழி யானை நடக்கும் வழி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து, வழிக்காவலர் வசதி உண்டு. மழைக்காலத்தில் ஜீப் வராத நாளில் அந்த வசதி காகிதத்தில் நிற்கும். பிள்ளை வீட்டில் நிற்கும். ஆறு வயதுப் பிள்ளையை விடுதிக்கு அனுப்பத் தாய்க்கு மனம் வராது. பல பிள்ளைகளின் படிப்பு அந்த இடத்தில்தான் அறுபடுகிறது.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிகளின் கதை வேறு மாதிரி. திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலையில் 2024-ல் தோட்ட வேலை நிறுத்தப்பட்டுத் தொழிலாளர்கள் மலையிறங்கத் தொடங்கினார்கள். வேலை போனால் வீடு போகிறது, வீடு போனால் பள்ளியின் எண்ணிக்கை போகிறது. வால்பாறையில் தமிழ்க் குடும்பங்கள் காலிசெய்துவிட்டு இறங்கிய லயன் வீடுகளுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று தோட்டத்துப் பள்ளிகளில் தமிழ் எழுத்து எழுதுகிறார்கள். தாய்மொழி என்ற கட்டத்தில் சாதரியும் இந்தியும் அசாமியும் எழுதப்படுகின்றன. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆறேழு மாதம் இருப்பார்கள், மழைக்கு முன் ஊர் திரும்புவார்கள். செப்டம்பர் 30 நிலவரப்படி எடுக்கும் கணக்கில் அந்தப் பிள்ளை இருக்காது. ஜனவரியில் போய்ப் பார்த்தால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ஒரு நாளின் தலைக்கணக்கு ஓர் ஆண்டின் உண்மையைச் சொல்லிவிடாது.

மூடினால் மிச்சமாவது என்ன?

எட்டுப் பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், சமையலர் என்று செலவழிப்பது சரியா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அது மக்கள் பணம். தலைக்குச் செலவு பெரிய பள்ளியைவிடப் பலமடங்கு கூடும் என்பது உண்மை. சின்னப் பள்ளிக்குக் கல்விக் குறைகளும் உண்டு. சம வயதுத் தோழர்கள் இல்லை. கபடி விளையாட ஆள் சேராது. ஒன்றாம் வகுப்பில் தனியாளாக உட்கார்ந்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் நாற்பது பேருக்கு நடுவே போய் உட்காரும்போது மிரண்டுபோகும். அடுத்த பள்ளி அரை கிலோமீட்டரில், பத்திரமான பாதையில் இருந்தால், இரண்டையும் சேர்ப்பது பிள்ளைக்கே நல்லது. அப்படிப்பட்ட இணைப்பை எதிர்க்க வேண்டியதில்லை.

சிக்கல், எல்லாவற்றையும் ஒரே எண்ணால் அளப்பதில் வருகிறது. ராஜஸ்தான் 2014-ல் ஏறத்தாழ 17,000 பள்ளிகளை இணைத்தது. உத்தரப் பிரதேசம் 2025 ஜூனில் ஐம்பதுக்கும் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளிகளை இணைக்க ஆணையிட்டது. சீதாப்பூர் மாவட்டப் பிள்ளைகளின் பெயரில் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. எதிர்ப்பு வலுத்த பிறகு, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பள்ளிகளோடு இணைப்பதில்லை என்று அரசு இறங்கிவந்தது. தமிழ்நாடு 2019-ல் பிள்ளைகளே இல்லாத 46 பள்ளிகளை நூலகங்களாக மாற்ற முடிவெடுத்தது. பிள்ளைகள் வந்தால் மறுபடி திறப்போம் என்ற உறுதியும் இங்கே உண்டு. ஆனால் ஆசிரியர் பணிநிரவலில் போய்விட்ட, பூட்டுப் போட்ட பள்ளிக்கு எந்தப் பெற்றோர் முதல் ஆளாகப் பிள்ளையைக் கூட்டிவருவார்?

மூடும் பேச்சு காதில் விழுந்ததுமே மூடல் தொடங்கிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ‘இந்தப் பள்ளி இன்னும் இரண்டு வருசம்தான்’ என்று ஊரில் பேச்சு பரவினால், ஊசலாடிக்கொண்டிருந்த இரண்டு வீடுகளும் பிள்ளையை வேறு இடத்தில் சேர்த்துவிடும். ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. எண் குறைந்ததால் ஆசிரியர் உபரி ஆகிறார், ஆசிரியர் போனதால் மறுபடி எண் குறைகிறது. போக்கிடம் உள்ளவர்கள் போய்விடுவார்கள். போக்கிடம் இல்லாத பிள்ளைகள் கடைசி நாள்வரை இருப்பார்கள், பள்ளியின் சரிவு முழுவதையும் சுமந்துகொண்டு.

செய்யக்கூடியவை

செய்ய முடியாத காரியம் எதையும் கேட்கவில்லை. முதலாவது, எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் சின்னத் தொடக்கப் பள்ளிக்கும் வர வேண்டும். பக்கத்து அங்கன்வாடியைப் பள்ளி வளாகத்துக்குக் கொண்டுவந்து, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரைக் கொடுத்தால், வேன் வருவதற்கு முன்பே பள்ளி பிள்ளையைச் சந்தித்துவிடும்.

இரண்டாவது, இரண்டாம் ஆசிரியர் என்ற சட்ட உரிமையை மாற்றுப்பணியால் கரைக்கக் கூடாது. குறுவள மையத்துக்கு ஒருவராவது விடுப்பு நாட்களை நிரப்பும் ஆசிரியராக இருக்க வேண்டும். ஆங்கிலம், கலை, உடற்கல்வி ஆசிரியர்கள் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சுழற்சியில் வரலாம். மாதம் ஒரு நாள் நாலு சின்னப் பள்ளிகளின் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி விளையாடினால் தனிமையின் குறையும் தீரும்.

மூன்றாவது, தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சியில் பல வகுப்புக் கற்பித்தல் தனிப் பாடமாக வேண்டும். செயல்வழிக் கற்றலில் இருபது ஆண்டு அனுபவம் உள்ள மாநிலம் இது. அந்த அனுபவத்தை எழுதிவைக்கவும் சொல்லித்தரவும் நம்மிடம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது, மூடுவதா இணைப்பதா என்ற முடிவு ஊராரின் காதுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களே பெரும்பான்மை. முடிவு அவர்கள் முன் வைக்கப்பட வேண்டும். அதிலும் பிள்ளையை அந்தப் பள்ளிக்கு இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கும் பெற்றோரின் சொல்லே முதலில் கேட்கப்பட வேண்டும். வேனில் அனுப்புகிறவர்களின் சொல்லை வைத்து, நடந்து வருகிறவர்களின் பள்ளியை மூடக் கூடாது.

ஐந்தாவது, சாதியின் பெயரால் பிள்ளையை நிறுத்தும் ஊருக்கு வெறும் அறிவுரை போதாது. 2023-ல் உசிலம்பட்டியில் அமைச்சரும் ஆட்சியரும் உட்கார்ந்து சாப்பிட்டது சரியான செயல். அந்த உறுதி ஒருநாள் வருகையோடு நிற்காமல் வட்டார அளவிலும் ஆண்டு முழுவதும் நிற்க வேண்டும்.

கடைசியாக ஒரு சிறு மாற்றம். இப்போது ஒரு பள்ளியைப் பற்றிய கோப்பில் முதலில் எழுதப்படுவது மாணவர் எண்ணிக்கை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாளைக் கட்டாயமாக்கலாம்: இந்தப் பள்ளி இல்லையென்றால் வரும் ஜூனில் இந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்தப் பள்ளியில், யாருடைய துணையோடு, எந்த வழியாகப் போய் உட்காருவார்கள் என்று பெயர் பெயராக எழுதிக் கையெழுத்திட வேண்டும். பதினோரு பெயருக்கும் விடை எழுத முடிந்தால் இணைக்கலாம். ஒரு பெயருக்கு விடை இல்லையென்றாலும் அந்தப் பள்ளி திறந்திருக்க வேண்டும். அந்த ஒரு பிள்ளைக்குக் கல்வி கொடுப்பது அரசின் கடமை என்று அரசமைப்பின் 21-ஏ பிரிவு சொல்கிறது. எத்தனை பேர் சேர்ந்தால் அந்தக் கடமை தொடங்கும் என்று அதில் எங்கும் எழுதவில்லை.